எழுத்துக்கும் தாலிக்கும் நடுவில்

ராசமலருக்குக் கலியாணம் முடிந்து நான்கு வருடம். ஆனால் அவளுக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை.

இதை யாழ்ப்பாணத்தில் யாரிடம் சொன்னாலும், "ஓ, எழுத்து மட்டும் முடிஞ்சுதாக்கும்" என்று தலையாட்டிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார்கள். பதிவுகாரர் வீட்டுக்கு வந்து, பெரிய புத்தகத்தை விரித்து, பெண்ணிடமும் மாப்பிள்ளையிடமும் கையெழுத்து வாங்குவது எழுத்து. அது சட்டத்துக்கு. நாள் பார்த்து, கூறை உடுத்தி, தாலி கட்டுவதுதான் கலியாணம். அது ஊருக்கும் உறவுக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மாதமும் இருக்கலாம், ஒரு வருடமும் இருக்கலாம். அதுவரை பெண் தாய்வீட்டில், மாப்பிள்ளை தன் வீட்டில். இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது?

டென்மார்க்கில் ஒரு பொலிஸ் நிலையத்தின் இரண்டாம் மாடியில் இருந்த போல்சன் என்ற அதிகாரிக்குத்தான் விளங்கவில்லை.

அன்று 1989 ஜூன் இருபத்தொன்பதாம் திகதி, வியாழக்கிழமை. வெளிநாட்டவர் பிரிவில் வேலை பார்த்த போல்சனுக்கு ஐம்பது வயதிருக்கும். நீள முகம், சிரிக்காத வாய், மேசையில் சீவிய பென்சில்கள் ஐந்து. அவருக்கு முன்னால் பாலேந்திரா. பாலேந்திராவுக்குப் பக்கத்தில் ஒரு வெற்று நாற்காலி. அதற்கடுத்த நாற்காலியில் ராசமலர். ரண்டர்ஸிலிருந்து ரயிலேறி வந்த மொழிபெயர்ப்பாளர் சிறீஸ்கந்தராசா ஓரமாக, கழுத்துப்பட்டியை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு சொல் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார் என்று பெயரெடுத்த மனிதர்.

போல்சன் ஒரு பழைய தாளை எடுத்து வாசித்தார். 1985 நவம்பரில் பாலேந்திரா இந்த நாட்டுக்கு வந்து தஞ்சம் கேட்டபோது கொடுத்த வாக்குமூலம். திருமணமானவரா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று பதில் இருந்தது. பிறகு இன்னொரு தாளை எடுத்தார். அது எழுத்துப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பு. அதில் திருமணத் திகதி 1985 மார்ச்.

"அன்றைக்குச் சொன்னது பொய்யா, இது பொய்யா?"

பாலேந்திரா இரண்டு தாளையும் எட்டிப் பார்த்தான். "ரெண்டும் உண்மைதான் ஐயா. எழுத்து முடிஞ்சது. கலியாணம் முடியேல்லை."

சிறீஸ்கந்தராசா இதை அப்படியே டேனிஷில் சொன்னார். போல்சனின் பென்சில் நின்றது. திருமணம் முடிந்தது, ஆனால் திருமணம் முடியவில்லை என்று கேட்டால் எவருடைய பென்சிலும் நிற்கும்தானே.

இருவரும் எங்கே வசிக்கிறீர்கள் என்பது அடுத்த கேள்வி. பாலேந்திரா இக்காஸ்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீட்டில். ராசமலர் அங்கிருந்து நாலு தெரு தள்ளி, பஸ்தியாம்பிள்ளை என்ற நண்பரின் குடும்பத்தோடு. ஏன் அப்படி என்று கேட்டார் போல்சன். "கலியாணம் முடியேல்லைத்தானே" என்றான் பாலேந்திரா மறுபடியும், இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது என்பது போல.

அவன் காலை ஒரு மிதி மிதிக்கவேண்டும் போலிருந்தது ராசமலருக்கு. கால் எட்டவில்லை. நடுவில் அந்த வெற்று நாற்காலி.

போல்சன் கெட்ட மனிதரில்லை. சட்டம் என்ன சொல்கிறதென்று ஆறுதலாக விளக்கினார். விசா இல்லாமல், முத்திரை இல்லாமல், காருக்குள் ஒளிந்து வந்தவர் ராசமலர். அவருக்குத் திறந்திருக்கும் வழி ஒன்றுதான். தஞ்சம் பெற்றவரின் மனைவி என்ற வழி. முதலில் தவணை வைத்த அனுமதி, சில வருடங்களில் நிரந்தர அனுமதி. அதற்குத் திருமணம் மெய்யாக இருக்கவேண்டும், இருவரும் ஒரே கூரைக்குக் கீழே வாழவேண்டும். முடிவெடுப்பது கொப்பன்ஹேகன். போல்சனின் வேலை, கண்ணால் காண்பதை எழுதி அனுப்புவது. ஜூலை எட்டாம் திகதி அவர் கோடை விடுமுறையில் போகிறார். திரும்பி வந்ததும், ஓகஸ்ட் எட்டாம் திகதி வீட்டைப் பார்க்க வருவார்.

"நான் பார்ப்பதை எழுதுவேன். பார்க்காததை எழுத மாட்டேன்" என்று முடித்தார். இல்லையென்று எழுதினால் என்ன நடக்கும் என்று யாரும் கேட்கவில்லை. வந்த வழியே திரும்பிப் போகவேண்டியதுதான். வெங்காய மூட்டைகூட இல்லாமல்.

வெங்காய மூட்டை வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். 1985 மார்ச்சில் கொடிகாமத்தில் எழுத்து. வைகாசியில் கலியாணம் என்று பேச்சு. சித்திரையில் இராணுவச் சுற்றிவளைப்புத் தொடங்கியதும் பாலேந்திராவின் தகப்பன் மகனைக் கொழும்புக்கும், அங்கிருந்து கண்காணாத தேசத்துக்கும் அனுப்பிவிட்டார். அதற்கு முன் ராசமலர் அவனைப் பார்த்தது எழுத்தன்று இரண்டு மணித்தியாலம். கேட்டது ஒரே கேள்வி: "தேத்தண்ணிக்குச் சீனி காணுமோ?" அவன் "ஓம்" என்றான். பதற்றத்தில் அவள் சீனி போடவே மறந்திருந்தாள் என்பது அவன் போன பிறகுதான் தெரிந்தது. அந்த ஒரு ஓம்தான் நாலு வருடம் அவளைக் கடிதம் எழுத வைத்தது.

1987இல் பாலேந்திரா மனைவியை முறைப்படி கூப்பிட விண்ணப்பம் போட்டான். பதில் ஒரு வரியும் இல்லை. அவனுக்கு மட்டுமல்ல, இக்காஸ்டிலும் எஸ்பியர்க்கிலும் எந்தத் தமிழனுக்கும் இல்லை. தமிழரின் குடும்பக் கோப்புகளை மேலிடத்து உத்தரவில் அடியில் போட்டு வைத்திருந்தார்கள் என்று இப்போது டேனிஷ் பத்திரிகைகளே எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தன. மந்திரி மாறிவிட்டார், கோப்புகள் அசைகின்றன என்றும் பேச்சு வந்தது. கொழும்பு லொட்ஜில் ஒன்றரை வருடம் கிடந்த ராசமலருக்கு அது எட்டவில்லை. பொறுமை முடிந்து, கிழக்கு பேர்லினில் இறங்கி, மேற்கு ஜேர்மனிக்கு வந்து, ஜூன் முதல் கிழமையில் ஒரு காரின் பின்பக்கத்தில், போர்வைக்கும் இரண்டு வெங்காய மூட்டைக்கும் அடியில் படுத்தபடி எல்லை தாண்டிவிட்டாள்.

கையில் இருந்தது மிளகாய்த்தூள் அடைத்த ஒரு தகரப் பேணி. தூளுக்கு நடுவில், பொலித்தீனில் சுற்றிய தாலி. பாலேந்திராவின் தாய் கொழும்புக்கு வந்து கொடுத்துவிட்டது. தன் தாலியைத் தானே தூக்கிக்கொண்டு மூன்று தேசம் கடந்த பெண் வேறு யாரும் உண்டா தெரியாது. பேணியைத் திறந்த ஒவ்வோர் அதிகாரியும் இரண்டு தும்மல் தும்மிவிட்டு மூடிக் கொடுத்துவிட்டார்.

பொலிஸ் நிலையத்திலிருந்து திரும்பிய அன்று மாலை பஸ்தியாம்பிள்ளை வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், மாநாடு கூடியது. பஸ்தியாம்பிள்ளையும் மனைவி மேரிசெலினும் மன்னார்க்காரர், கத்தோலிக்கர். வீட்டில் வெறும் இரண்டறை. அதில் ஒன்றை ராசமலருக்குக் கொடுத்துவிட்டுத் தாங்கள் கூடத்தில் படுத்தார்கள்.

பஸ்தியாம்பிள்ளை தளபாடத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். எதையும் நேராக அறுத்துப் போடுகிற ஆள். நாளைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலேந்திரா வீட்டுக்குப் போனால் விஷயம் முடிந்தது என்றார். சட்டப்படி புருஷன் பெண்சாதி, யார் என்ன கேட்கப் போகிறார்கள்.

ராசமலர் மாட்டேன் என்றாள். தாலி ஏறாமல் ஒரு வீட்டில் இருக்கமாட்டேன் என்று தாய்க்குச் சொல்லிவிட்டு வந்தவள். அது ஒரு காரணம். மற்றதை அவள் சொல்லவில்லை, ஆனால் மேரிசெலினுக்குத் தெரியும். மூன்று கிழமையாகப் பாலேந்திரா வேலை முடிந்து நேரே சைக்கிளில் வருவான். வழியில் வாங்கிய ஸ்ட்ரோபெரிக் கூடையை நீட்டிவிட்டு வாசலில் அரை மணித்தியாலம் நிற்பான். இருவரும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கதைப்பார்கள். "நீங்கள் சாப்பிட்டனீங்களோ" என்று அவன் கேட்பான். மனைவியை நீங்கள் என்று கூப்பிடுகிற புருஷன். அந்த அரை மணித்தியாலத்துக்காக ராசமலர் காலை தொடக்கம் மூன்று தரம் தலை வாரினாள். இப்படி ஒரு காலத்தைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் முடித்துவிட யாருக்கு மனம் வரும்?

"அப்ப தாலியைக் கட்டிப்போட்டுக் கூட்டிக்கொண்டு போகட்டுமன்" என்றாள் மேரிசெலின்.

இவ்வளவு எளிதான விஷயம் ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். காரணம் உடனே தெரிந்தது. கலியாணம் என்றால் ஊரிலிருந்து பெற்றோர் வரவேண்டும், நாள் வேண்டும், ஐயர் வேண்டும் என்று எல்லோரும் தள்ளிவைத்திருந்தார்கள். பாலேந்திரா சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தான். ஆடி பிறக்கப் பதினெட்டு நாள். ஆடியில் கலியாணம் கிடையாது. ஆடி முடிவதற்குள் போல்சன் வந்துவிடுவார். ஆக, ஆனிக்குள் முடிக்கவேண்டும்.

அப்போதுதான் தொலைபேசி அடித்தது. சிறீஸ்கந்தராசா ரண்டர்ஸுக்குப் போய்ச் சேர்ந்து, யோசித்துப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டிருந்தார். அவர்கள் சொன்னதைக் கேட்டதும் அவர் குரல் மாறியது. இப்போது கலியாணம் செய்தால், இதுவரை கலியாணம் ஆகவில்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்தது போலாகும் என்றார். மார்ச் 1985 பத்திரம் பொய்ப் பத்திரம் என்று கொப்பன்ஹேகனில் ஒருவன் கோடு போட்டால் கோப்பு அதோடு சரி. செய்வதென்றால் யன்னல் திரையை மூடிவிட்டு, வீட்டுக்குள், சத்தமில்லாமல் செய்யுங்கள். போல்சனின் காதுக்குப் போகக்கூடாது.

பஸ்தியாம்பிள்ளை எழுந்து யன்னல் திரையின் அகலத்தைக் கையால் அளந்து பார்த்தார்.

"அண்ணை, அதை விடுங்கோ" என்றாள் ராசமலர். "வரேக்க ஒளிச்சு வந்தனான். வெங்காயத்துக்குக் கீழ படுத்து வந்தனான். என்ர கலியாணத்தையும் ஒளிச்சுச் செய்யேலாது. அந்த ஐயா காணுறதைத்தானே எழுதுவன் எண்டவர். வந்து காணட்டும். அவருக்கும் சொல்லுங்கோ."

"பொலிசுக்கோ?" என்றார் பஸ்தியாம்பிள்ளை.

"ஓம். முறைப்படி, தட்டோட போய்ச் சொல்லுங்கோ."

பாலேந்திரா அவளை நிமிர்ந்து பார்த்தான். பயந்துதான் இருந்தான். ஆனால் நாலு வருடத்துக்கு முன்னால் சீனியில்லாத தேத்தண்ணியைக் குடித்த அதே முகத்தோடு, "ஓம், சொல்லுவம்" என்றான்.

பிறகு பத்து நாள் இக்காஸ்டில் தமிழர் யாரும் ஒழுங்காகத் தூங்கவில்லை. கூறைச்சேலை ரண்டர்ஸிலிருந்து இரவலாக வந்தது. கன்னிக்காலாக நடும் முருக்கந்தடிக்குப் பதில் பேர்ச் மரக்கிளை. அம்மிக்குப் பதில் தோட்டத்து நடைபாதைக் கல் ஒன்று, கழுவிச் சந்தனம் பூசி. பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கத் தாய் தகப்பன் வேண்டுமே என்றபோது, கேள்விக்கே இடமில்லாமல் மேரிசெலின் புதுச் சேலையை இஸ்திரி போட்டாள். பஸ்தியாம்பிள்ளை மட்டும் கோயிலுக்குப் போய்ப் பாதரிடம், சைவக் கலியாணத்தில் தகப்பனாக நிற்கலாமா என்று கேட்டார். பெண் கொடுப்பது பாவமென்று எங்கேயும் இல்லை, எனக்கும் வடை வரட்டும் என்று பாதர் சொல்லிவிட்டார்.

ஐயர்தான் கிடைக்கவில்லை. டென்மார்க்கில் தேடியதில் ஒருவரும் அகப்படவில்லை. மேற்கு ஜேர்மனியில் டோர்ட்முண்ட் பக்கத்தில் ஓர் அகதி விடுதியில் ஒருவர் இருந்தார். அவரும் தஞ்சம் கேட்டுக் காத்திருப்பவர். மாவட்ட எல்லையைத் தாண்ட அவருக்கு அனுமதியில்லை. ஆனால் மனிதர் தளரவில்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்து, ஜூலை ஒன்பதாம் திகதி ஞாயிறு, காலை பதினொன்று பத்திலிருந்து பதினொன்று ஐம்பது வரை என்று முகூர்த்தம் குறித்தார். "விடுதியில ரெலிபோன் இருக்கு. நான் இஞ்சயிருந்து மந்திரத்தைச் சொல்லுறன். நீங்கள் அங்க காதில வைச்சுச் செய்யுங்கோ. மந்திரத்துக்கு விசா தேவையில்லை" என்றார்.

தட்டோடு பொலிஸ் நிலையத்துக்குப் போனவர்கள் பஸ்தியாம்பிள்ளையும் மேரிசெலினும். வாழைப்பழம், கற்கண்டு, குங்குமம், நடுவில் அழைப்பிதழ். தட்டைக் கண்டதும் போல்சன் நாற்காலியோடு இரண்டடி பின்னால் போனாராம். அரச அலுவலர் எதையும் வாங்கக்கூடாது என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாராம். அழைப்பிதழை மட்டும் ஒரு பென்சில் முனையால் இழுத்தெடுத்து வாசித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எட்டாம் திகதி தான் கடற்கரைக் கோடை வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொன்னார். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வாடகைக்கு எடுத்த மண்டபம் பெரியது, வெளிச்சமானது, மேடையும் இருந்தது. தொலைபேசி மட்டும் மண்டபத்தில் இல்லை. வெளிக்கதவுக்கும் மண்டபத்துக்கும் நடுவில் உள்ள நடையில், கோட்டுக் கொளுவும் கொக்கிகளுக்குப் பக்கத்தில், சுவரோடு இருந்தது. இழுத்துப் பார்த்தார்கள், கம்பி ஒரு முழம்தான் வந்தது. ஆகவே மேடையில் கட்டிய மணவறையைப் பிரித்துத் தூக்கிக்கொண்டு வந்து நடையிலேயே கட்டினார்கள். கொக்கிகளுக்கு மேல் மாவிலைக்குப் பதில் பேர்ச் இலை. ஒரு பக்கம் நிறைகுடம், மறு பக்கம் யாரோ மறந்துவிட்டுப் போன மழைச் சப்பாத்து.

அலுமினியத் தட்டில் ஓமம் மூட்டியதும் மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் தாடிக்காரர் தீயணைக்கும் சிவப்புக் குழாயோடு வந்து மாப்பிள்ளைத் தோழனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். கடைசிவரை நகரவில்லை. எல்லாப் படத்திலும் அவர் இருக்கிறார்.

சிறீஸ்கந்தராசா தொலைபேசியைக் காதில் வைத்து, ஐயர் சொல்வதை உரக்கத் திருப்பிச் சொன்னார். ஒரு சொல் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அதனால் ஐயர் நடுவில் இருமியபோது இவரும் இருமினார். பஸ்தியாம்பிள்ளையும் மேரிசெலினும் நீர் வார்த்து ராசமலரின் கையைப் பாலேந்திராவின் கையில் வைத்தார்கள். மேரிசெலின் அழுதாள். பெற்ற பிள்ளையைக் கொடுத்தால்கூட அவ்வளவு அழுதிருக்கமாட்டாள்.

பதினொன்று முப்பத்தைந்துக்குப் பாலேந்திரா தாலியை எடுத்தான். ஐயர் "கெட்டிமேளம்" என்று சொல்லவேண்டும். அதைக் கேட்டதும் நாதஸ்வரக் கசற்றை அழுத்தவேண்டும், அவன் கட்டவேண்டும். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிறீஸ்கந்தராசாவின் வாயைப் பார்த்தார்கள்.

சிறீஸ்கந்தராசா தொலைபேசியைக் குலுக்கினார். மறுபடி காதில் வைத்தார். "லைன் போட்டுது" என்றார்.

திரும்பிச் சுழற்றிப் பார்த்தார். சத்தமேயில்லை. பதினொன்று முப்பத்தெட்டு. பதினொன்று நாற்பத்திரண்டு. நாங்களே மேளத்தைப் போடுவோம் என்றார் ஒருவர். ஐயர் சொல்லாமல் எப்படி என்றார் இன்னொருவர். ஏதாவது செய்தாகவேண்டும் என்று சிறீஸ்கந்தராசா தொலைபேசியை வைத்துவிட்டு, விடுதியின் மற்ற நம்பரைத் தேடி உள்ளே ஓடினார். ராசமலர் தலையைக் குனிந்தபடி இருந்தாள். மூன்று தேசத்து எல்லைகளைத் தாண்டி வந்த தாலி, கழுத்துக்கும் கைக்கும் நடுவில் ஒரு சாண் தூரத்தில் நிற்கிறது.

அந்த நேரத்தில் வெளிக்கதவு திறந்தது. அரைக் காற்சட்டை, வெயிலில் சிவந்த மூக்கு, கையில் காகிதம் சுற்றிய பெட்டி. போல்சன். பின்னால் அவர் மனைவி, பூங்கொத்தோடு. நடை முழுக்கச் சனம். முன்னால் நெருப்பு. அவர்களால் கதவுக்குப் பக்கத்தில், தொலைபேசியை ஒட்டித்தான் நிற்க முடிந்தது.

தொலைபேசி அடித்தது.

அதற்கு ஆகக் கிட்ட நின்றவர் போல்சன்தான். இருபத்தைந்து வருடம் அலுவலகத்தில் இருந்த கை, தானாகப் போய் எடுத்தது. "போல்சன்" என்றார் வழக்கம் போல. மறுபக்கத்தில் முகூர்த்தம் போய்க்கொண்டிருக்கிறதே என்ற பதைப்பில் ஐயர் தொண்டை கிழியக் கத்தினார். போல்சன் கையை நீட்டித் தொலைபேசியைக் காதுக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். நடை முழுவதும் கேட்டது.

"கெட்டிமேளம், கெட்டிமேளம்!"

கசற் அலறியது. அரிசியும் பூவும் பறந்தன. பாலேந்திரா மூன்று முடிச்சுப் போட்டான். மூன்றாம் முடிச்சோடு அடக்கி வைத்திருந்த தும்மல் வெடித்தது. என்னதான் கழுவியிருந்தாலும் மிளகாய்த்தூளில் ஒரு மாதம் கிடந்த தாலி. முதல் தும்மல் அவனுக்கு, அடுத்தது ராசமலருக்கு, பிறகு தாடிக்காரருக்கு. போல்சன் ஒன்றும் விளங்காமல், தலையில் நாலு அரிசியோடு, தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். முதல் முறையாக அவர் வாய் கொஞ்சம் கோணியதை ராசமலர் கண்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு மணமக்களின் முன்னால் வந்து உட்கார்ந்தார். சிறீஸ்கந்தராசா வெளுத்துப்போய் நடுவில் வந்தார். விடுமுறையில்தான் இருக்கிறேன், ஆனால் ஒரு கேள்வி கேட்கவேண்டும் என்றார் போல்சன்.

"நீங்கள் எந்தத் திகதியிலிருந்து கணவன் மனைவி?"

பஸ்தியாம்பிள்ளை பாயாசச் சட்டியோடு அப்படியே நின்றுவிட்டார். பாலேந்திரா வாயைத் திறந்தான். இந்த முறை நடுவில் நாற்காலி இல்லை, ராசமலரின் கால் எட்டியது. அவன் வாயை மூடிக்கொண்டான்.

"உங்கட பொலிஸ் கந்தோருக்கு, நாலு வருஷத்துக்கு முதல் கையெழுத்து வைச்ச நாளிலயிருந்து" என்றாள் ராசமலர். "என்ர அம்மாவுக்கு, இண்டைக்குப் பதினொண்டே முக்காலிலயிருந்து. ரெண்டும் நான்தான். ரெண்டும் இவர்தான். அண்டைக்கு இவர் எனக்குப் பேர் தந்தவர். இண்டைக்குத்தான் வீடு தாறார். இன்னும் நான் அந்த வீட்டுப் படி மிதிக்கேல்லை. நீங்கள் நேற்று வந்திருந்தா ஒரு ஆளைத்தான் கண்டிருப்பியள். நாளைக்கு வந்தா ரெண்டு பேரைக் காணுவியள்."

சிறீஸ்கந்தராசா ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்த்தார். அவர் முடிக்கும் முன்பே போல்சனின் மனைவி கிர்ஸ்டன் சிரிக்கத் தொடங்கிவிட்டார். இவர்கள் எங்களுக்கு நேர்மாறு என்றார் அவர். தானும் போல்சனும் ஆறு வருடம் ஒரே வீட்டில் இருந்தார்களாம், காகிதம் எதுவும் இல்லாமல். மகள் பிறந்து, நடந்து, பேசி, கடைசியில் அவளே பூக்கூடை தூக்கிக்கொண்டு வர, நகரசபையில் போய்க் கையெழுத்து வைத்தார்களாம். "எங்களுக்கு வீடு முதலில், எழுத்து பிறகு. உங்களுக்கு எழுத்து முதலில், வீடு பிறகு. இதில் எது பொய்?"

இதையும் சிறீஸ்கந்தராசா உரத்த குரலில் மொழிபெயர்த்துவிட்டார். நாற்பது தமிழர் ஒரே நேரத்தில் போல்சனைத் திரும்பிப் பார்த்தார்கள். பொலிஸ்காரரின் சிவந்த மூக்கு இன்னும் சிவந்தது. அவர் ஒரு வடையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அரச அலுவலர் எதையும் வாங்கக்கூடாது என்ற சட்டம் வடைக்குப் பொருந்தாது போலும்.

அன்று மாலை ராசமலர் தன் பெட்டியோடு நாலு தெரு நடந்து, வலது காலை எடுத்து வைத்துப் பாலேந்திராவின் வீட்டுக்குள் போனாள். அவன் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான். "சீனி காணுமோ, பாரும்" என்றான். 'நீங்கள்' போய், புருஷன் பெண்சாதிக்குச் சொல்லும் 'நீர்' வந்திருந்தது. சீனி கூடிவிட்டது. அவள் "ஓம்" என்றாள்.

ஓகஸ்ட் எட்டாம் திகதி போல்சன் சொன்னபடி வந்தார். மணியை அடிக்கக் கையைத் தூக்கியவர் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். உள்ளே சண்டை. யன்னல் திரை மண்ணிறமாக இருக்கவேண்டும் என்று பாலேந்திரா, தான் வேலை செய்யும் துணி ஆலையிலிருந்து ஒரு சுருள் துணி வாங்கிக்கொண்டு வந்திருந்தான். செத்தவீட்டுக்கும் இந்த நிறம் போடமாட்டார்கள் என்பது ராசமலரின் கட்சி. "நாலு வருஷமா கடிதத்தில எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டு எழுதின மனிசன், வீட்டுக்கு வந்தாப் பிறகு ஒண்டுக்கும் ஓம் சொல்லுறேல்லை" என்று அவள் குரல் படி இறங்கி வந்தது.

போல்சன் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். சிறீஸ்கந்தராசா ஒரு சொல்லையும் விடவில்லை. போல்சன் படியிலேயே உட்கார்ந்து, சீவிய பென்சிலை எடுத்து எழுதத் தொடங்கினார். பிறகு உள்ளே போய் இரண்டு பற்தூரிகையையும், இரண்டு தலையணையையும், மேரிசெலின் கொடுத்த மாதா படத்துக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளையாரையும் பார்த்தார். தேத்தண்ணி குடித்தார். போகும்போது, திரை விஷயத்தில் தான் மனைவியின் பக்கம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நவம்பரில் கொப்பன்ஹேகனிலிருந்து கடிதம் வந்தது. அதோடு அவர் அறிக்கையின் பிரதியும் இருந்தது. இருவரும் ஒரே முகவரியில் வசிக்கிறார்கள். திருமணம் இரு கட்டங்களாக நடந்தது, இரண்டாவது கட்டத்துக்குக் கீழே கையொப்பமிடுபவர் நேரடிச் சாட்சி. வீட்டுத் திரை குறித்து இவர்கள் விவாதிக்கும் முறையிலிருந்து இது மெய்யான திருமணம் என்பதில் ஐயமில்லை. அதை வாசித்தபோது பஸ்தியாம்பிள்ளை மேசையில் அடித்துச் சிரித்தார். மேரிசெலின் மறுபடியும் அழுதாள்.

அது தவணை வைத்த அனுமதி. நிரந்தர அனுமதி 1992இல் வந்தது. முத்திரை குத்தக் கடவுச்சீட்டோடு இருவரும் அதே இரண்டாம் மாடிக்குப் போனார்கள். ராசமலரின் இடுப்பில் ஒரு வயதுப் பெண். இந்த முறை மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. முன்னால் இரண்டு நாற்காலி, ஒட்டிப் போட்டபடி.

போல்சன் கடவுச்சீட்டைத் திறந்தார். பெறுமதியான எதையும் ராசமலர் வைப்பது எங்கே என்பது அவருக்கு எப்படித் தெரியும்? மூன்று தும்மல், ஒன்றன்பின் ஒன்றாக. கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கங்களைப் புரட்டி, வெறுமையான ஒரு பக்கத்தைத் தேடி விரித்து வைத்தார். முத்திரையை மையில் அழுத்தினார். தூக்கினார். ஆனால் குத்தவில்லை. தூக்கிய கையோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஏதோ பிழையாக்கும் என்று பாலேந்திரா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். ராசமலர் அவன் கையைப் பிடித்தாள்.

போல்சனுக்குத் தமிழில் தெரிந்தது ஒரே ஒரு சொல். மூன்று வருடமாகக் காதுக்குள் வைத்திருந்த சொல்.

"கெத்தி மேலம்" என்றார், முகத்தில் ஒரு சிரிப்புமில்லாமல். முத்திரை மேசை அதிர விழுந்தது.